நான்கு மடங்கு மலை

“அந்த மலையில அப்படி என்னதான் இருக்கு?”

“என்ன இல்லன்னு கேளு. வடக்குச் சரிவுல இரும்பு. தெற்கே சுண்ணாம்புக்கல், அதை ஒட்டியே பளிங்கு. பள்ளத்தாக்குல நிலக்கரி. இந்த ஊருக்குத் தண்ணி குடுக்கற ஆறே அங்கதான் பொறக்குது.”

“பொண்டாட்டி?”

“அது ஒண்ணுதான் அங்க கிடைக்கல. அதுக்குத்தானே கீழ இறங்கி வந்தேன்.”

கல்யாணமான புதிதில், பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டே அவன் சொன்னது. பாறைகளைத் தட்டிப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறதென்று அரசாங்கத்துக்குச் சொல்வது அவன் உத்தியோகம். முகாம் மலைக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரு கணவாய் இருந்தது. அதில் சாலை இல்லை; நடந்து தாண்டினாலும் அங்கிருந்து ஊர் வெகுதூரம். பேருந்து மலையையே பிரதட்சணம் செய்வதுபோலச் சுற்றிக்கொண்டு போகும். போய்ச் சேருவதற்குள் விடுப்பில் பாதி தீர்ந்துவிடும்.

“கணவாய் வழியா ரோடு போடப் போறாங்க. வந்துட்டா வாராவாரம் நான் வீட்டுல இருப்பேன். அதுவரைக்கும் வேலையை மாத்திக்கோன்னு மட்டும் சொல்லிடாத. நீ சொன்னா என்னால மறுக்க முடியாது.”

“சொல்ல மாட்டேன்,” என்றாள் அவள். புது மனைவிகள் வாக்குக் கொடுக்கும்போது நாட்காட்டியைப் பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சாலை வராத இடமே இல்லை. மேடைப் பேச்சில் வந்தது. பத்திரிகையில் வந்தது. அவள் கையாலேயே வந்தது, ஏனென்றால் அவள் வேலை பார்த்ததே வரைபட அலுவலகத்தில்தான். ஒவ்வொரு புதிய பதிப்பிலும், ‘வரவிருக்கும் சாலை’ என்பதற்கான சிவப்புப் புள்ளிகளைக் கணவாயின் குறுக்கே அவள்தான் வைத்தாள். ஊரில் மற்ற பெண்கள் கணவனை நினைத்துக் கோலத்துக்குப் புள்ளி வைத்தால், இவள் சம்பளம் வாங்கிக்கொண்டு வைத்தாள். கோலமாவது ஒருநாள் முடிந்துவிடும்.

வீட்டில் அவளும் மாமியாரும். மாமியாருக்கு வாய் சற்று நீளம். மனசு அதைவிட நீளம். ஆனால் முதலில் வருவது வாய்தான்.

“உன் புருஷன் போன தடவை வந்தப்போ எனக்கு என்ன கொண்டு வந்தான் தெரியுமா? இரும்புக் கல்லு. கதவு சாத்திக்காம இருக்க முட்டுக் கொடுக்கலாமாம். எந்தப் பிள்ளைக்கு இப்படித் தோணும்?”

“எனக்குப் பளிங்கு கொண்டு வந்தார் அத்தை.”

“உனக்காவது வெள்ளையா இருந்துச்சு.” துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. “நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா வந்துடுவான்டி.”

“நீங்க சொல்லுங்களேன்.”

“பெத்தவ சொன்னா அது புலம்பல். நீ சொன்னாத்தான் பேச்சு.”

“ரோடு வந்துடும் அத்தை.”

“வரும் வரும். எனக்குப் பேரன் பொறந்து, அவன் பெரியவனாகி, அவனே வந்து போடுவான். ஆனா அதுக்கும் என் பிள்ளை வீட்டுக்கு வரணுமே.”

அவள் முகம் சிவந்து எழுந்து போய்விட்டாள். இந்த விஷயத்தில் மாமியாரின் கணக்கில் பிழை கண்டுபிடிக்க முடியாது.

அந்த மாதம்தான் உண்மையிலேயே ஒரு குழு வருவதாகச் செய்தி வந்தது. இருப்பது ஒரு சாலைக்கான நிதி. அதை இரும்பும் நிலக்கரியும் இருக்கிற கணவாய்ப் பக்கம் போடுவதா, தெற்கே பளிங்குப் பக்கம் போடுவதா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும். நேரில் போய்ப் பார்க்க ஜீப் தயாராக இருந்தது. தலைவருக்கு முழங்கால் வலி. மலைக்குப் பதிலாக மலையின் மாதிரி ஒன்றைச் செய்து மேசைமேல் வைத்தால் போதுமென்று சொல்லிவிட்டார்கள்.

அலுவலக மேலதிகாரி அவளைக் கூப்பிட்டார். “நீதான்மா செய்யணும். உன் கை ராசியான கை.”

அவள் அட்டையைச் சம உயரக் கோடுகளின்படி வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேலே பிளாஸ்டர் பூசினாள். காடுகளுக்குப் பச்சை, ஆற்றுக்கு நீலம், இரும்புக்குத் துரு நிறம். கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கூரை வைத்தாள். முகாம் எங்கே என்று குழுவுக்குத் தெரிய வேண்டுமாம். அந்தக் கூரைக்கு மட்டும் இரண்டு முறை வண்ணம் பூசியதை யாரும் கவனிக்கவில்லை.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நிலத்தைச் சுருக்குகிற அதே அளவில் உயரத்தையும் சுருக்கினால் எவ்வளவு பெரிய மலையும் கசங்கிய போர்வை மாதிரிப் படுத்துவிடும். பார்க்கிறவர்களுக்கு மலை என்றே தோன்றாது. அதனால் உயரத்தை மட்டும் இரண்டு மடங்கு கூட்டிச் செய்வார்கள். தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும் என்பதால், மற்றவர்களுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மேலதிகாரி வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “கொஞ்சம் கம்பீரம் பத்தலையேம்மா.”

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. இத்தனை வருஷம் தன் புருஷனைப் பிடித்து வைத்திருக்கிற மலை இவ்வளவு சாதுவாகவா இருக்கும்? பூச்சைப் பெயர்த்து, இரண்டு மடங்காக இருந்ததற்கு மேல் இன்னும் அட்டைகளை ஏற்றி, மறுபடி பூசினாள். நான்கு மடங்கு. இப்போது மலை மலையாக நின்றது. கணவாய் கத்தியால் கீறியதுபோல் இருந்தது. மேலதிகாரி அசந்துபோனார்.

குழு வந்தது. தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். விரல் ஆற்றோடு ஏறி, கணவாயின் விளிம்பில் நின்றது.

“இதுலயா ரோடு? ஆடு ஏறுமா இதுல?”

அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள். “சார், உயரத்தை மட்டும் கூட்டிக் காட்டியிருக்கோம். நிஜத்துல இது ரொம்பச் சாதாரண ஏத்தம். அறிக்கையில சரியான அளவு இருக்கு.”

“கூட்டியிருக்கீங்களா? எதுக்கு?”

“இல்லன்னா மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது சார்.”

“பாத்தீங்களா,” என்று தலைவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “நல்ல வேளை இந்தம்மா கூட்டினாங்க. இல்லாட்டி இவ்வளவு பெரிய ஆபத்து நம்ம கண்ணுக்கே தெரியாம போயிருக்கும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அறிக்கை தடிமனாக, கறுப்பு வெள்ளையில், திறக்கப்படாமல் இருந்தது. மலை வண்ணத்தில் இருந்தது. போட்டியே இல்லை. தேநீர் குடித்து முடிப்பதற்குள் சாலை பளிங்குப் பக்கம் போய்விட்டது. போகும்போது தலைவர் அவளைத் தனியாகப் பாராட்டினார். மாதிரியைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு வாசலில் வைக்கச் சொன்னார். அவளுக்குக் கிடைத்த வெகுமதி, தினமும் அதைத் தாண்டி உள்ளே போவது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மாமியாரிடம் சொல்லிவிட்டாள்.

“அதாவது, என் பிள்ளை வர வழியில நீயே சுவரு எழுப்பிட்டு வந்திருக்க.”

“ஆமா அத்தை.”

“வண்ணம் வேற பூசி.”

“ஆமா.”

மாமியார் அடுத்த வரியைத் தயாராகத்தான் வைத்திருந்தாள். மருமகள் செருப்பைக் கழற்றியும் குனிந்தபடியே இருப்பதைப் பார்த்து அதை விழுங்கிவிட்டு, பக்கத்தில் வந்து அவள் தோளைத் தொட்டாள். “அழாத. ரோடு வரும் வரும்னு அது மேலயே எல்லாப் பாரத்தையும் ஏத்தி வச்சே. இப்ப ரோடும் இல்ல. இனிமே யார் மேல ஏத்தப் போற?” பதிலுக்கு நிற்காமல் சமையலறைக்குப் போய்க் கதவையும் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு சாத்தி இவள் பார்த்ததே இல்லை.

தொலைபேசி அடித்தது. முகாமில் சிக்னல் கிடைக்கிற ஒரே பாறைமேல் ஏறி நின்றுதான் அவன் பேசுவான். காற்று இரைவது முதலில் கேட்கும், அவன் குரல் பிறகு வரும்.

“கேள்விப்பட்டேன்,” என்றான். “எவ்வளவு ஏத்தினே?”

“நாலு மடங்கு.”

காற்றின் இரைச்சலோடு அவன் சிரித்தான். “இன்னைக்குக் காலைலதான் அந்தக் கணவாயை ரெண்டு கையையும் பாக்கெட்ல விட்டுக்கிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கிட்டே தாண்டினேன். நாலு மடங்குன்னு தெரிஞ்சிருந்தா கயிறு கொண்டு போயிருப்பேன்.”

“சிரிக்காதீங்க.”

“விடும்மா. பளிங்கும் நல்ல கல்லுதான். அடுத்த திட்டத்துல இந்தப் பக்கமும் போட்டுடுவாங்க. அடுத்த குழுவுக்கு நீ மலையைக் கொஞ்சம் படுக்க வச்சுடு, அவ்வளவுதானே.”

எப்போதும் இந்த இடத்தில் அவளும் ஏதாவது நக்கலாகச் சொல்லி முடித்துவிடுவாள். அவன் சிரிப்பான், போனை வைப்பான், பாறையிலிருந்து இறங்குவான். இன்றைக்கும் பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

“என்ன, சத்தத்தையே காணோம்?”

“ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“கேட்டா நீங்க மறுக்க மாட்டீங்க. அதான் இத்தனை நாள் கேக்கல.”

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றிருந்தது. அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“மாறுதல் வாங்கிட்டு வந்துடுங்க. எனக்கு நீங்க வேணும்.”