கோபுரத்துக்கு நேராக

கடைசிக் குழி. ஆட்டம் சமநிலையில் இருந்தது. ஜோடி ஆட்டம் என்பதால் ஒரே பந்தை நானும் மர்டோவும் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். இது என் முறை.

மர்டோ என் மனைவி எல்ஸ்பெத்தின் அண்ணன். அவள் இறந்து பதினோரு மாதம் ஆகிறது. அவள் வீட்டாரோடு எனக்கு மிச்சமிருப்பது இந்தச் சனிக்கிழமை கோல்ஃப் மட்டும்தான்.

அடிக்கும் இடத்திலிருந்து கொடி தெரியாது; நடுவில் மணல்மேடு. அதற்கு மேல் தலைகாட்டும் தேவாலயக் கோபுரத்தைக் குறிவைத்துத்தான் எங்கள் ஊரில் எல்லோரும் அடிப்பார்கள். கோபுரத்தின் அடியில் கல்லறைத் தோட்டம். பதினோரு மாதமாக நான் ஓட்டல் புகைபோக்கியைப் பார்த்து அடிக்கிறேன். ஒவ்வொரு முறையும் பந்து இடப்பக்க முட்புதருக்குள் போகிறது.

"இன்னைக்கும் புகைபோக்கிதானா மச்சான்?" என்றான் மர்டோ. "இப்பவே சொல்லிடு. அடுத்த வாரத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அவன் சிரிக்கவில்லை.

கையுறையைக் கழற்றினேன். மாட்டினேன். பந்துக்குப் பின்னால் போய் நின்றேன், முன்னால் வந்தேன், மறுபடி பின்னால் போனேன்.

"தம்பி, வீட்டுல மீன் வறுத்து வச்சிருக்கா. ஆறிடும்" என்றார் எதிரணி லாக்லன்.

"உங்க வீட்டு மீன் சூடா இருந்தாலும் அதே ருசிதானே" என்றான் மர்டோ.

கோபுரத்தைப் பார்த்தேன். கல், இரண்டு காக்கை, ஒரு கடிகாரம். கண்ணை எடுக்கவில்லை. எடுக்காமலே நடந்துவந்து, இரண்டு கால்களையும் அதற்கு நேராக ஊன்றிக்கொண்டு, பிறகுதான் மட்டையைப் பந்தருகே வைத்தேன். அடித்தேன்.

சத்தம் நன்றாக இருந்தது. பந்து வலப்பக்கம் பறந்து, மதிலைத் தாண்டி, எல்லைக்கு வெளியே சாலையில் விழுந்தது. ஆட்டம் போனது போலத்தான்.

"கோபுரம் பந்துக்குடா, காலுக்கு இல்ல" என்றான் மர்டோ. "காலு அதுக்கு இடப்பக்கமா, பந்து போற கோட்டோட ஜோடித் தண்டவாளம் மாதிரி போகணும். முதல்ல மட்டை, அப்புறம் காலு. சின்னப் பசங்க பண்ற தப்பு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"குனிஞ்சு மட்டையைப் பாத்திருந்தா, திரும்ப அந்தப் பக்கம் நிமிந்திருக்க மாட்டேன்."

லாக்லன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மர்டோ பையிலிருந்து வேறு பந்தை எடுத்தான். பந்து எல்லை தாண்டினால் ஓர் அடி நஷ்டம்; அதே இடத்திலிருந்து இப்போது அவன் அடிக்க வேண்டும்.

"தள்ளு" என்றான். "அடுத்த சனிக்கிழமை அரை மணி முன்னாடி வா. உன் காலை நானே பிடிச்சு நிக்க வைக்கறேன்."

தள்ளி நின்றேன்.