மரத்துப்போகும் ஊசியும் அத்தையின் பேச்சும்

1

இந்தக் கதை என் மனைவியிடமிருந்து எடுத்தது. அவள் பல் மருத்துவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே இதைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "இத எழுதிடாதீங்க" என்றாள். எழுதுகிறவனைக் கட்டிக்கொண்டு இத்தனை வருடம் குடும்பம் நடத்துகிறவளுக்கு அந்தப் பேச்சின் பலன் என்னவென்று தெரியாமல் இருக்காது. அதனால் அதை அனுமதி என்றே எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவள் ஒரு நிபந்தனை போட்டாள். மருத்துவத்தில் நான் உளறினால் அவள் திருத்துவாள். அந்தத் திருத்தங்களை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'நாற்காலி மெல்லப் பின்னால் சாய்ந்தது. விளக்கின் வெளிச்சம் அந்தக் கிழவியின்…'

அடித்துவிட்டேன். அந்தக் கிழவி என் அம்மா. என் கதைகளைப் படிக்கிற நான்கைந்து பேரில் அவளும் ஒருத்தி.

இரண்டாவது: 'மயக்க மருந்து என்பது…'

(மயக்க மருந்து இல்ல. அந்த இடத்த மட்டும் மரத்துப்போக வைக்கிற மருந்து. ஆளே மயங்கினா அதுதான் பிரச்சினை. — மனைவி)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் பற்கள் ஆடின. அவற்றை எடுத்துவிட்டுப் பல்செட் வைக்க வேண்டும். எடுக்க வேண்டியவள் அம்மாவின் மருமகள்.

அம்மா பேச்சில் சிக்கனமானவள். கல்யாணமான நாளிலிருந்து மருமகளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுகிறாள். அது மரியாதையா கிண்டலா என்று எனக்கே தெரியாது. என் மனைவிக்கு அது ஒரு தூரமாகத்தான் கேட்டது. "என் பேஷன்டுங்க கூட அக்கான்னு கூப்பிடறாங்க" என்று ஒரு முறை சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் அதற்கப்புறம் வெகுநேரம் முகம் சரியில்லை.

3

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரே நாள்ல முடிச்சிடு டாக்டரம்மா. ரெண்டு தடவ பயப்பட முடியாது."

இங்கேதான் எனக்கு மருமகள் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. நிதானமானவள். ஒல்லியான, வயதான ஆளுக்கு இந்த மருந்தை எடை பார்த்துத்தான் போட வேண்டும், ஒரு நாளில் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று புதிதாக வரும் மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். அவள் ஒரே நாளில் இரண்டு பக்கமும் செய்வாளா என்று வாசகர் கேட்பார். செய்தாள். காரணம் மிகச் சாதாரணமானது: நாற்காலியில் இருந்தது மாமியார். வலித்துவிட்டால், எங்கள் சொந்தக்காரர்கள் கூடும் இடமெல்லாம் அதுவே பேச்சாக இருக்கும்.

அதனால் ஈறில் மரத்துப்போக வைக்கும் களிம்பைத் தாராளமாகத் தடவினாள். இரண்டு பக்கமும் ஊசி போட்டாள். "வலிக்குதா அத்தை?" என்று கேட்டாள். அம்மா "லேசா" என்றாள். இன்னும் கொஞ்சம் போட்டாள். வேறு யாராக இருந்தாலும், "இன்னிக்கு இது போதும், அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பியிருப்பாள்.

(கடைசி வாக்கியத்த எடுத்துடுங்க. — மனைவி)

(எடுக்கவில்லை.)

4

கொஞ்ச நேரத்தில் அம்மா பேச ஆரம்பித்தாள்.

முதலில் விளக்கு கண்ணைக் கூசுகிறது என்றாள். அப்புறம் மாடி வீட்டுக்காரர் நாற்காலியை இழுக்கிற சத்தம் பற்றி. அப்புறம் என்னைப் பற்றி, நான் சிறுவயதில் செய்த சில காரியங்கள். (அவை இந்தக் கதைக்குத் தேவையில்லை.) வாய் ஓயாமல் வந்துகொண்டே இருந்தது. அதன் நடுவில் இதையும் சொன்னாள். நாக்கு பாதி மரத்திருந்தும் என் மனைவிக்குத் தெளிவாகவே கேட்டது:

"எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுன்னா அவன்கிட்ட சொல்லத் தோணாது. உன்கிட்டதான் சொல்லத் தோணும். ஆனா சொன்னதில்ல. வாய் வராது."

எப்போதும் பேசாதவர் திடீரென்று நிறையப் பேசினால், மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறியிருக்கலாம். அது முதல் அறிகுறிகளில் ஒன்று. என் மனைவிக்கு அது தலைகீழ்ப் பாடம். ஆனாலும் கையில் பல்குறட்டை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றாள்.

அப்புறம் அம்மா, "வாயெல்லாம் இரும்ப நக்கின மாதிரி இருக்கு. காதுல மணியடிக்குது" என்றாள். பேச்சு குழறியது. உதடு துடித்தது. வலது கை தானாக உதற ஆரம்பித்தது.

வெளியே உட்கார்ந்திருந்த என்னை உதவியாளர் கூப்பிட்டார். உள்ளே போனேன். என் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. கருவிகளை ஒதுக்கிவிட்டாள். அம்மாவின் மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் முகமூடி இருந்தது. விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப் மாட்டியிருந்தது. "ஆம்புலன்ஸ் சொல்லிட்டீங்களா?" என்று உதவியாளரிடம் கேட்டாள். வலிப்பு வந்தால் போட வேண்டிய மருந்தை இழுத்துத் தயாராக வைத்திருந்தாள்.

"அத்தை, என்னைப் பாருங்க. மூச்ச மெதுவா இழுத்து விடுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. அவளைக் கட்டிக்கொண்ட நாள் முதல் இந்த அளவுக்கு நான் அவளை நேசித்ததில்லை.

கை உதறுவது அடங்கியது. மருத்துவமனையில், அந்த மருந்தை ரத்தத்திலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் பால் நிறக் கொழுப்புக் கரைசலைத் தயாராக வைத்துக் காத்திருந்தார்கள். தேவைப்படவில்லை. மாலையில் அம்மா வாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன, பல்லெல்லாம் அப்படியே இருக்கு?" என்றாள்.

5

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆபத்து வந்தது, போனது. ஆனால் துணி மடிக்கும்போது அவள் சொன்னது வேறு.

"அவங்க சொன்னது நிஜமா, மருந்தான்னு எனக்குத் தெரியல. மருந்துன்னா, அது வெறும் அறிகுறி. நிஜம்னா…" நிறுத்திவிட்டு ஒரு சட்டையை இரண்டு தடவை மடித்தாள். "எதுவா இருந்தாலும் நான் நின்னு கேட்டேன்ங்க. அவங்க பேசறது பிடிச்சிருந்தது. அதனாலதான் நின்னேன்."

ஆகவே சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அம்மா எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள், இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். கிழித்துவிட்டேன். எங்கள் வீட்டில் அப்படி யாரும் அழுவதில்லை.

இன்னொன்றில் நான் அம்மாவிடம் கேட்கிறேன். இது எழுதியது மட்டுமல்ல, செய்ததும்தான். "அன்னிக்கு நாற்காலில என்னம்மா பேசின?" என்றேன். "வாயத் தொறந்து வெச்சுக்கிட்டு என்னத்த பேசறது?" என்றாள். மறதியா, மழுப்பலா? பெற்ற பிள்ளைக்கே தெரியவில்லை. மனைவியிடம் இதைச் சொன்னபோது, "இனிமே கேக்காதீங்க" என்றாள்.

மூன்றாவதில் அம்மா வேறு மருத்துவரிடம் போகிறாள். இதற்கு என் மனைவியே ஏற்பாடு செய்தாள். தோழி ஒருத்தியிடம் பேசிவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னாள்.

"நான் இங்கயே வர்றேன்" என்றாள் அம்மா.

"வேணாம் அத்தை. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்."

அந்த முடிவும் போயிற்று.

6

இந்தப் பகுதியைக் கிளினிக்கில் இருந்தபடியே எழுதுகிறேன். இன்று இடது பக்கம் மட்டும். அம்மாவைச் செருப்பைக் கழற்றச் சொல்லி எடை பார்த்தார்கள். அந்த எடைக்கு எவ்வளவு மருந்து என்று என் மனைவி கணக்குப் போட்டு, உதவியாளரையும் சரிபார்க்கச் சொன்னாள். நான் அறையின் வாசலில் நிற்கிறேன்.

"மெதுவா போடுவேன் அத்தை. ஊசி ரத்தக்குழாய்ல இல்லைன்னு பாத்துட்டுத்தான் போடுவேன். நடுவுல நடுவுல நிறுத்துவேன், அப்பல்லாம் ஏதாவது பேசுங்க. பேச்சு மாறுதான்னு நான் பாக்கணும்."

"நான் என்ன பேசுவேன்?"

"எதுவா இருந்தாலும் சரி."

அம்மா யோசித்தாள். என் மனைவி கையுறை போட்டுக்கொண்டு ஊசியை எடுத்தாள். அம்மா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு. ஊசி போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அவன வெளிய போகச் சொல்லு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். உதவியாளர் தானாகவே வெளியே வந்துவிட்டார். எனக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது.

அம்மாவின் குரல் கேட்கிறது, வார்த்தைகள் கேட்கவில்லை. என் மனைவியின் குரல் வரவே இல்லை. காதைக் கதவில் வைத்தால் கேட்கும். இந்தக் கதைக்கு ஒரு முடிவும் கிடைக்கும். ஆனால் அம்மா வெளியே போகச் சொன்னது மகனை மட்டுமா, எழுதுகிறவனையும் சேர்த்தா என்ற யோசனையில் கால் நகர மறுக்கிறது.

நீங்கள் அவளுக்குப் பிள்ளை இல்லை. உங்களை யாரும் வெளியே அனுப்பவில்லை. உள்ளே போய்க் கேளுங்கள். எனக்கு வந்து சொல்ல வேண்டாம்.