முதல் பக்கத்தில் குடியிருந்தவர்

கண்ணாடிக்காரரின் மனைவி ஒரு இசைத்தட்டின் முதல் பக்கத்துக்குள் நாலு வருஷம் இருந்தார். அந்த நாலு வருஷத்தில் அந்த அம்மாளுக்குக் கழிந்தது ஒரு நாளும் பதினாறு நிமிஷமும்தான். இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று புரிய வேண்டுமானால், முதலில் அந்த வீட்டையும், பிறகு தட்டுகள் பிறக்கும் விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீடு மாடியில் இருந்தது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை; அங்கே அவர் நாள் முழுக்க வில்லைகளைத் தேய்த்துப் பவர் ஏற்றுவார். மேலே சமையலறை போக இரண்டே அறைகள். ஒன்றில் படுத்துக்கொண்டார்கள், மற்றொன்றில் தட்டுகள் படுத்துக்கொண்டன. படுத்துக்கொண்டன என்று சொல்வதுகூடத் தவறு. படுக்கப் போட்டால் தட்டு வளைந்துவிடும் என்று எல்லாவற்றையும் நிற்கவைத்திருந்தார். மனைவி தையல் வேலை செய்பவர். இடமில்லாததால் தையல் மெஷினை நடையின் கோடியில், வெறும் சுவரைப் பார்த்தபடி போட்டிருந்தார். "தட்டுக்கெல்லாம் தனி ரூம், எனக்குச் சுவரு" என்று வாரம் ஒருமுறையாவது சொல்வார். கண்ணாடிக்காரர் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரம் என்ன ஆகிறது என்று யாரோ சொன்னதைப் போலக் கேட்டுக்கொள்வார்.

அவர் சேர்த்ததெல்லாம் ஒரே வகை. ஜாஸில் ஆன்மிக ஜாஸ் என்று ஒரு கிளை உண்டு. அதில் அவசரமே கிடையாது. அடியில் ஒரு கனத்த தந்தி வாத்தியம் ஒரே நடையைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். அதன் மேல் சாக்ஸபோன் முதலில் ஏதோ கேட்கும், பிறகு கெஞ்சும், பிறகு கத்தும், கடைசியில் சின்னச் சின்ன மணிகள் ஒலிக்க அடங்கிப்போகும். ஒரு பக்கம் முழுக்க ஒரே உருப்படியாக இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும். வாசித்தவர்களில் பலர் பகலில் பஸ் ஓட்டினார்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தார்கள். ஏதாவது ஒரு பிரார்த்தனைக் கூடத்தில் ஒரு மத்தியானம் கூடி வாசித்து, முந்நூறு தட்டு போட்டு, கையில் கொண்டுபோய் விற்றார்கள். அதனால்தான் அவை கிடைப்பதில்லை.

முதல் அச்சு என்றால் என்ன என்று கேட்டால் கண்ணாடிக்காரர் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவார். வாசித்ததை முதலில் மெழுகு போன்ற மிருதுவான ஒரு தட்டில் பள்ளமாக வெட்டுவார்கள். அதன் மேல் உலோகம் படியவைத்து அச்சு எடுப்பார்கள். அந்த அச்சுகளால்தான் சூடான பிளாஸ்டிக்கை அமுக்குவது. ரப்பர் முத்திரை குத்தக் குத்த எழுத்து மழுங்குமே, அதுபோல அச்சும் மழுங்கும். வருஷங்கள் கழித்து மறுபதிப்பு போடுகிறவர்கள் நகலின் நகலிலிருந்து புதிதாக வெட்டுவார்கள். ராகம் இருக்கும், மூச்சு இருக்காது. முதல் அச்சை உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. தட்டின் நடுவில், பாட்டு முடிந்த பிறகு வெறுமையாக மின்னும் வட்டத்தில், வெட்டியவர் தன் கையால் கீறிய எண் இருக்கும். கண்ணாடிக்காரர் அதைக் கடையில் வில்லை சோதிக்கும் பூதக்கண்ணாடியால் படிப்பார்.

பிறகு வீடே சோதித்துச் சொல்ல ஆரம்பித்தது. முதல் அச்சுத் தட்டு சுழலும்போது நடைக்கோடியில் இருந்த சுவர் விலகி அங்கே மூன்றாவது அறை ஒன்று இருந்தது. மறுபதிப்பைப் போட்டால் சுவரில் கதவின் அளவுக்கு ஈரம் மட்டும் தட்டியது. ஒவ்வொரு தட்டுக்கும் அறை வேறு. ஒன்று உயரமாகவும் குறுகலாகவும் இருந்தது, இன்னொன்றில் தரை சற்றுச் சாய்ந்திருந்தது. நீல உறை போட்ட ஒரு தட்டின் முதல் பக்கம்தான் சிறப்பு: அகலமான அறை, இடப்பக்கம் பெரிய ஜன்னல், மத்தியான வெளிச்சம். தையலுக்கு இடப்பக்க வெளிச்சம்தான் உகந்தது; வெட்டும் கையின் நிழல் துணியில் விழாது. மனைவி அந்த அறையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மெஷினை உள்ளே தள்ளினார்.

அந்தப் பக்கம் இருபத்தொரு நிமிஷம். ஒரு சட்டைக்கு இரண்டு கையும் வைத்துவிடலாம். மணிச் சத்தம் கேட்டதும் வெளியே வந்துவிடுவார். கண்ணாடிக்காரர் தட்டிலிருந்து முள்ளைத் தூக்குவார். சுவர் திரும்பி வரும். மெஷின் உள்ளேயே இருந்துகொள்ளும். இப்படி ஒரு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. "இன்னிக்கு நாலு தடவை போடுங்க, காலருக்கு அவசரம்" என்பார் அந்த அம்மாள். "நாலு தடவையா! ரெண்டுக்கு மேல போட்டா பள்ளம் தேஞ்சிரும்" என்பார் இவர். மூன்றில் வந்து நிற்கும்.

ஒரு மழைநாள் மத்தியானம் தப்பு நடந்தது. பதினாலாவது நிமிஷத்தில் சத்தம் திடீரென்று மொத்தையானது. முள்ளின் நுனியில் பஞ்சு சிக்கியிருந்தது. உள்ளேயிருந்து பறந்து வந்த தையல் பஞ்சுதான். பஞ்சோடு ஓடினால் பள்ளம் கெடும். தட்டு சேர்ப்பவன் எவனாக இருந்தாலும் அந்த நொடியில் அவன் கை யோசிக்காது. கண்ணாடிக்காரரின் கையும் யோசிக்கவில்லை. முள்ளைத் தூக்கினார், பஞ்சை எடுத்தார், தூரிகையால் நுனியை இரண்டு முறை துடைத்தார், திரும்பினார். நடைக்கோடியில் சுவர் இருந்தது.

விட்ட இடத்திலேயே முள்ளை வைத்துப் பார்த்தார். பாட்டு வந்தது, அறை வரவில்லை. அறைக்கு வாசல் தட்டின் வெளியோரத்தில்தான் இருந்தது. ஆகவே முதலிலிருந்து போட்டார். அறை வந்தது, ஜன்னல் வந்தது, மெஷின் வந்தது, துணியில் ஊசி பாதி இறங்கி நின்றது, ஆள் இல்லை. பதினாலாவது நிமிஷத்தில், மின்சாரம் திரும்பி வந்தால் பல்பு எரிவதுபோல, மனைவி நாற்காலியில் இருந்தார், தைத்துக்கொண்டிருந்தார். "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்று கேட்டார். இழுத்துக்கொண்டு வரக் கண்ணாடிக்காரர் உள்ளே ஓடினார். கையைப் பிடிக்க முடிந்தது, வாசல் வரை வர முடிந்தது, வாசலுக்கு இந்தப் பக்கம் அவர் கை மட்டும் வெறும் கையாக வந்தது. திரும்பிப் பார்த்தால் அந்த அம்மாள் மறுபடி நாற்காலியில் இருந்தார்.

காரணம் என்ன என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. பழைய தட்டுக்கடைக்காரர் ஒன்று சொன்னார். தட்டில் நூற்றுக்கணக்கான வளையங்கள் இருப்பதாக எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் இருப்பது ஒரே ஒரு கோடு, நானூறு மீட்டருக்குமேல் நீளம், வெளியோரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுருளும். உள்ளே போனவர் போன சுற்றிலேயே அது முடிவதற்குள் வெளியே வர வேண்டும், நடுவில் அறுந்தால் அறுந்த இடம்தான் அவருக்கு வீடு என்றார். "அப்ப என்னதான் பண்றது?" என்று கேட்டதற்கு, அதே தட்டில் இன்னொரு பிரதி தேடிப் பாரும் என்றார். ஒன்றரை வருஷம் தேடியதில் ஒரு நீல உறை கிடைத்தது. உள்ளே யாரோ உடற்பயிற்சிக்கு எண்ணும் தட்டு இருந்தது.

மனைவியின் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். விஷயம் தெரிந்து வந்து நடையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். "மாப்பிள்ளை, நான் முப்பது வருஷமா நடுவுல நின்னுபோன லிஃப்ட்லேர்ந்து ஆளுங்களை எடுத்திருக்கேன். ஒருத்தரையும் பஞ்சு எடுக்கறேன்னு உள்ள விட்டதில்ல."

"வேணும்னா செஞ்சேன், மச்சான்?"

"வேணும்னு செஞ்சிருந்தா திட்டிட்டுப் போயிருவேன். இதுக்கு என்ன பண்றதுன்னே புரியல."

கண்ணாடிக்காரருக்கும் புரியவில்லை. குழப்பம் இதுதான். தட்டைப் போட்டால்தான் மனைவி உண்டு. பதினாலாவது நிமிஷத்திலிருந்து முடியும்வரை, ஏழு நிமிஷம். ஆனால் ஒவ்வொரு முறை போடும்போதும் பள்ளம் தேய்கிறது. தேய்மானம் மெல்லிய ஒலிகளிலிருந்துதான் ஆரம்பிக்கும், ஏனென்றால் அவைதான் பள்ளத்தின் சுவரில் மிக நுண்ணிய நெளிவுகளாக இருப்பவை. கனத்த ஒலிகள் அகலமான வளைவுகள், அவை நெடுநாள் தாங்கும். தினமும் போட்டால் மனைவி சீக்கிரம் தேய்ந்துவிடுவார். போடாமல் காப்பாற்றினால் காப்பாற்றப்படுவது தட்டா மனைவியா என்று தெரியவில்லை. முடிவில் வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என்று வைத்துக்கொண்டார். இது கணவனாகச் செய்த ஏற்பாடா, தட்டு சேர்ப்பவனாகச் செய்த ஏற்பாடா என்று மச்சான் கேட்டார்.

நாலு வருஷம் என்பது இருநூற்றெட்டு ஞாயிற்றுக்கிழமை. ஏழேழு நிமிஷமாகச் சேர்த்தால் ஒரு நாளும் பதினாறு நிமிஷமும். அந்த அம்மாளுக்கு ஒரு ஏழு நிமிஷத்துக்கும் அடுத்த ஏழு நிமிஷத்துக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. கண் இமைத்தால் கணவர் வேறு சட்டையில் நின்றார். "காலைல கறுப்பா இருந்துச்சே உங்க மீசை" என்றார் இரண்டாம் வருஷத்தில். மூன்றாம் வருஷத்தில் அவர் மூக்கில் ஒரு புதுக் கண்ணாடி வந்தது. "ஊருக்கெல்லாம் போட்டு இப்ப உங்களுக்கேவா?" என்று சிரித்தார். கண்ணாடிக்காரர் வாரம் முழுக்க அந்த ஏழு நிமிஷத்தில் சொல்ல வேண்டியதைச் சேர்த்துவைப்பார். நேரம் வந்ததும் பிளேயரின் பக்கத்தில் நின்று, கையை முள்ளுக்கு அருகில் வைத்தபடி, தண்ணீர்த் தொட்டி மாற்றியதை மட்டும் சொல்லி முடிப்பார். மணிகள் ஒலித்ததும் தூக்கிவிடுவார். பாட்டு முடிந்த இடத்தில் முள்ளை வீணாகச் சுற்றவிடுவது முள்ளுக்கும் கேடு, தட்டுக்கும் கேடு. இந்த வழக்கத்தை அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட மீறியதில்லை.

மூன்றாம் வருஷக் கடைசியில் கத்தரிக்கோலின் கிரீச் போயிற்று. பிறகு வளையல் சத்தம் போயிற்று. பிறகு அந்த அம்மாளின் குரலிலேயே முனைகள் மழுங்கின. போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. இருநூற்றெட்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர் ஏதோ கேட்டார். பிளேயர் பக்கத்திலிருந்து கண்ணாடிக்காரருக்கு விளங்கவில்லை. "என்ன?" என்றார். மறுபடி சொன்னார், மறுபடி விளங்கவில்லை. நடையில் நாலு அடி வந்து கேட்டார். பிறகு வாசலைத் தாண்டி, நாற்காலிக்குப் பக்கத்தில் போய், காதைக் கொடுத்தார்.

"உட்காருங்கன்னு சொன்னேன். ஒரு நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கீங்களே, கால் வலிக்கலையா?"

உட்கார இடமில்லாமல் துணிமூட்டையின் மேல் உட்கார்ந்தார். அவ்வளவு கிட்டத்தில் குரல் புரிந்தது. தொட்டியைப் பற்றி இல்லாமல் வேறு விஷயங்களைச் சொன்னார். கடையில் யாராவது படியேறி வரும் சத்தம் கேட்டால் இன்னும் நிமிர்ந்து பார்ப்பதைச் சொன்னார். அந்த மழைநாளில் பஞ்சை எடுத்த பிறகு நுனியை இரண்டு முறை துடைத்ததைச் சொன்னார்; யாரிடமும் சொல்லாத விஷயம் அது. மனைவி தைப்பதை நிறுத்தவில்லை, ஆனால் மெதுவாகத் தைத்தார். இருவரும் மணிகளுக்காக ஒரு காதைத் திறந்து வைத்திருந்தார்கள். மணிகள் வரவில்லை. மணிச் சத்தத்தைவிட நுண்ணிய நெளிவு அந்தத் தட்டில் வேறெதுவும் இல்லை. அது எப்போதோ முழுதாகத் தேய்ந்துபோயிருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தபோது இருபத்துமூன்று நிமிஷம் ஆகியிருந்தது.

அப்போதுதான் காதில் விழுந்தது: டக் என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொரு டக்.

எல்லாத் தட்டுகளிலும் கடைசியில் இப்படி ஒன்று இருக்கிறது. நானூறு மீட்டர் கோடு உள்ளே சுருண்டு வந்து, முடிவதற்குப் பதிலாகத் தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு ஒரு வளையமாக மூடிக்கொள்ளும், முள் நடுவில் ஒட்டிய காகிதத்தின் மேல் ஏறிவிடாமல் இருக்க. அதில் விழுந்த முள் யாராவது தூக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்; ஒரு சுற்றுக்கு இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவு. கண்ணாடிக்காரருக்கு இது தெரியாததல்ல. தெரிந்ததால்தான் அங்கே முள்ளைப் போகவிட்டதில்லை.

சுவர் வரவில்லை. அறுந்த கோட்டுக்கு அந்த வளையம் முடிச்சுப் போட்டுவிட்டதுபோல் இருந்தது. மனைவி எழுந்து முதுகை நிமிர்த்தினார். "ஒரு டீ குடிச்சா தேவலை" என்று சொல்லி வாசலைத் தாண்டி, நடையைத் தாண்டி, சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினார். நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த உருட்டல் கூர்மையாக, முனை மழுங்காமல் கேட்டது. கண்ணாடிக்காரர் துணிமூட்டையிலிருந்து உடனே எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்து, பழக்கதோஷத்தில், பிளேயரிடம் போனார். கை முள்ளை நோக்கிப் போயிற்று.

"அதுல கை வைக்காதீங்க" என்றார் மனைவி, டம்ளர்களோடு வந்து. "என் வேலை பாதில கிடக்கு. மெஷின் உள்ள இருக்கு."

"தட்டு போயிருமே. உலகத்துலயே பத்துப் பிரதி இருந்தா அதிகம்."

"போகட்டுமே."

அவர் தட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மச்சான் வந்தார். தங்கையின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிளேயரைக் கழற்ற முடியுமா என்று பார்க்க ஆரம்பித்தார். மின்சாரம் நின்றால் கைகொடுக்க லிஃப்டுக்கான பேட்டரி ஒன்றை ஒரு வாரத்தில் மாட்டினார். முள் மாற்றுவதற்காகத் தட்டின் எதிர்ப்பக்கம் முள் தாங்கும் இரண்டாவது கை ஒன்றையும் பொருத்தினார். புது முள் இறங்கிய பிறகுதான் பழையது எழும். தட்டுக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, இது இனி விற்பனைக்கு ஆகாது என்று வருத்தமாகச் சொன்னார். துணி கொடுக்க வருகிறவர்கள் டக் சத்தத்துக்குப் பழகிவிட்டார்கள். ஒரு டக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் வாசலைத் தாண்டுவது நல்லது என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டு, சற்று எட்டி அடிவைக்கிறார்கள். அளவு எடுப்பது எப்போதும் மத்தியான வெளிச்சத்தில்தான் நடக்கிறது.

ஒரு நாள் தையல்காரம்மா, "அந்தத் தட்டுக்கு மறுபக்கம் ஒண்ணு உண்டில்ல, அது எப்படி இருக்கும்?" என்று கேட்டார். கண்ணாடிக்காரர் முணுமுணுத்துப் பார்த்தார், வந்தது வேறெதுவோ.

"மறந்துபோச்சு" என்றார்.

"சரி, இந்த முனையைப் பிடிங்க."

அவர் அளவு நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டார்.