தலைகீழாக நின்ற சிப்பிகள்

அக்கா தன் வாழ்நாளில் தப்பே செய்ததில்லை. பால் பொங்கி வழிந்தால் அது அடுப்பின் தவறு. பேருந்தைக் கோட்டைவிட்டால், ஓட்டுநருக்கு என்ன அவசரமோ. அப்படிப்பட்டவள் இருக்கும் ஆய்வுக்கூடத்திலேயே தங்கைக்கும் வேலை கிடைத்தது என்றால், அவள் தலையெழுத்தை என்னவென்று சொல்வது! தங்கை போடும் அம்புக்குறியைக்கூட அக்கா விட்டுவைக்கவில்லை. "அம்புக்கு எதுக்குடி சுருட்டை வால்? அது என்ன நாய்க்குட்டியா?"

ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில், படகிலிருந்து நீளக் குழாய்களை இறக்கிச் சேற்றை அப்படியே எடுத்து, எது மேல் பக்கம் என்று குழாயில் குறி போட்டுக் கொண்டுவருவார்கள். தங்கைக்குச் சேறு, அக்காவுக்குச் சிப்பி. அடியில் ஆற்று நத்தை, அதற்கு மேல் ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இடத்தில் வாழும் கழிச்சிப்பி, எல்லாவற்றுக்கும் மேல் கடல்சிப்பி என்று இருந்தால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் உயர்ந்து உள்ளே புகுந்தது என்று பொருள். ஆனால் நடுக்குழாயில் மட்டும் கடல்சிப்பி கீழேயும் கழிச்சிப்பி மேலேயும் கிடந்தன. 'வந்த கடல் ஒருமுறை திரும்பிப் போயிருக்கிறது' என்று அக்கா முடிவுகட்டிவிட்டாள். இதுவரை யாரும் சொல்லாத சேதி. அன்று பிற்பகல் கூட்டத்தில் அதைத்தான் பேசப்போகிறாள்.

காலையில், நீளவாக்கில் பிளந்து வைத்திருந்த நடுக்குழாயில் தங்கை சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். ஒரு கழிச்சிப்பி, ஓடு மூடியபடி, புதைந்து வாழ்ந்த இடத்திலேயே செத்திருந்தது. மூச்சு விடும் முனை மேலே இருக்கும்படி புதைந்து வாழும் பிராணி அது. இதுவோ தலைகீழாக நின்றது. பக்கத்தில் இருந்ததும் அப்படியே. தங்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அக்கா கையும் களவுமாகச் சிக்கியிருக்கிறாள்.

"அக்கா, உன் சிப்பியெல்லாம் சர்க்கஸ் பண்ணுது."

"நீ பாக்கறதுதான் தலைகீழ்."

"ஒண்ணு ரெண்டுன்னா பரவாயில்ல. குடும்பத்தோடயா தலைகீழா நிக்கும்? கடல் எங்கயும் திரும்பிப் போகல. படகுல யாரோ மேல் பக்கம் எதுன்னு மாத்திக் குறி போட்டிருக்காங்க." அந்த 'யாரோ'வை நன்றாக இழுத்தே சொன்னாள்.

அக்கா லென்ஸை வாங்கிப் பார்த்தாள். குழாயைச் சற்றுத் தூக்கி, அடிப்பக்கத்தில் இருந்த குறியையும் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கீழே வைத்தாள்.

"போய்க் கைய கழுவு" என்றாள்.

அக்கா பிடித்த பிடியை விடமாட்டாள் என்று தங்கைக்குப் பயம். ஆனால் பிற்பகல் கூட்டத்தில் எழுந்த அக்கா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"கடல் திரும்பிப் போச்சுன்னு சொல்லிட்டிருந்தேன். தப்பு. குழாய்க்குக் குறி போட்டது நான்தான், தலைகீழா போட்டுட்டேன்."

ஆய்வுக்கூட இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அக்காவின் காது சிவந்துவிட்டது. தங்கைக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

"இப்ப திருப்பி வெச்சுப் பாருங்க. கடல் உயர உயர, சேறும் படிஞ்சு கூடவே உயர்ந்திருக்கு. சிப்பிங்களும் அப்பா அம்மா ஓட்டு மேலயே குடித்தனம் பண்ணி மேல வந்திருக்கு. ஒரு கட்டத்துல சேத்தால கடலுக்கு ஈடுகொடுக்க முடியல. அதோட அதுங்க குடித்தனமும் முடிஞ்சுது."

சிரிப்பு அடங்கிவிட்டது. இயக்குநர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கூட்டம் முடிந்து குழாயை எடுத்துவைக்கும்போதுதான் தங்கை அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கறுப்பு மையில் ஓர் அம்புக்குறி. அதற்குச் சுருட்டை வால்.

"அக்கா... இது நான் போட்டது."

"எனக்குக் கண்ணு தெரியும்."

"பின்ன ஏன் அப்படிச் சொன்ன?"

"நான் தப்பு பண்ணா ஒரு நாள் சிரிப்பாங்க. நீ இப்பத்தான வேலைக்கு வந்திருக்க? உன்னை அடுத்த தடவ படகுலயே ஏத்த மாட்டாங்க."

தங்கை குழாயைக் கீழே வைத்தாள். அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"சேத்துக் கையோட என்னைத் தொடாத" என்றாள் அக்கா, விலகாமலே. "ரொம்ப உருகவும் வேணாம். வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட உண்மையத்தான் சொல்லப்போறேன்."