கை மட்டும் தெரியும் காட்சி

படம் எடுத்து முடித்ததைவிட அதை எதில் வெட்டி ஒட்டுவது என்று முடிவெடுத்ததுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. எங்களுக்கு என்றால் எனக்கும் முகுந்தனுக்கும். நான் கிள்ளானில் ஒரு பல் கிளினிக் கவுன்டரில் உட்காருகிறவள், லீவு நாளில் இயக்குநர். முகுந்தன் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவன், லீவு நாளில் கேமராமேன்.

மாதச் சந்தா கேட்கும் மென்பொருள் எங்களுக்கு எட்டாது. முகுந்தன் எங்கிருந்தோ ஒரு திருட்டுக் காப்பியைப் பென்டிரைவில் கொண்டுவந்தான். அதற்குள் என்னென்ன வைரஸ் குடியிருக்கிறதோ என்று நான் தொடவில்லை. பெரிய ஆட்களும் பயன்படுத்தும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. அதைத் திறந்தால் என் பழைய லேப்டாப் சூடேறி அப்படியே உறைந்துவிடும். கடைசியில் இணையத்திலேயே எடிட் செய்கிற ஓர் இலவசத் தளத்தைப் பிடித்தோம். காட்சிகள் எல்லாம் அவர்கள் சர்வரில் இருக்கும், லேப்டாப்புக்கு வேலையே இல்லை. கேமராவும் மெமரி கார்டும் இரவல் என்பதால், காட்சிகளை ஏற்றியதும் கார்டை அழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வேறு காப்பி கிடையாது. கையில் காசில்லாதவர்களுக்கு வரும் அசட்டுத் தைரியம் அது.

படம் ஒரு சமையல்காரியைப் பற்றியது. அதில் நடித்த விஷ்ணுப்ரியாவுக்கு வெங்காயம் உரிக்கக்கூட வராது. அதனால் சமைக்கிற கைகள் மட்டும் புனிதா அக்காவுடையவை. அக்கா பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய ஃபிளாட்டில் தனியாக இருந்துகொண்டு, ஆர்டருக்குச் சமைத்துக் கொடுக்கிறவர். கிள்ளானில் இருந்த புருஷன் ராதாகிருஷ்ணனிடம் அடி தாங்காமல் ஓடிவந்தவர். அவர் இருக்கும் இடம் அந்த ஆளுக்குத் தெரியாது. படத்துக்கு வீட்டையும் கொடுத்து, எங்களுக்குச் சோறும் போட்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மூஞ்சி வரக்கூடாது மலர். பேரும் வரக்கூடாது. கைய வேணா எடுத்துக்க."

அந்தப் புறங்கையிலும் ஒரு தழும்பு இருந்தது. பழுக்கக் காய்ச்சிய தோசைச் சட்டுவத்தைப் புருஷன் வைத்த இடம். மேக்கப் போட்டு மறைத்திருந்தோம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கிளினிக்கில் சாப்பாட்டு நேரம். போனில் எங்கள் படத்தைத் திறந்தேன். முதல் நாள்தான் முகுந்தன் அதன் லிங்க்கை, உதவி செய்தவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். நம் ஆட்கள் ஷூட்டிங்குக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு வாங்கிக் கொடுத்திருந்தாலும் போதும், படத்தை முதலில் பார்த்துவிட வேண்டும் அவர்களுக்கு. அந்தத் தளத்தில் லிங்க் கிடைத்த யாரும், எந்தக் காட்சியிலும் நிறுத்தி, அதன் மேலேயே கருத்து எழுதலாம். 'மியூசிக் சத்தம் ஜாஸ்தி', 'ஹீரோயின் கொஞ்சம் சிரிக்கலாம்' என்றெல்லாம் வந்திருந்தது. சிரித்துக்கொண்டே படித்தேன்.

சம்பல் கிளறும் காட்சியில் இரண்டு கருத்துகள் இருந்தன. முதலாவது, 'ஆர்.கே. கிள்ளான்' என்ற பெயரில்.

'இந்தத் தழும்பு எனக்குத் தெரியும். இது எந்த வீடு?'

காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சட்டியிலிருந்து எழுந்த ஆவியில் மேக்கப் கரைந்து, தழும்பு ஒரு நொடி பளபளத்தது. இத்தனை முறை வெட்டி ஒட்டிய என் கண்ணுக்கு அது படவில்லை. ராதாகிருஷ்ணனுக்கு அந்த ஒரு நொடி போதுமாக இருந்திருக்கிறது. குழுவில் யாரோ அவனுக்கு லிங்க்கை அனுப்பியிருக்கிறார்கள். கிள்ளானில் யார் யாருக்குச் சொந்தம் என்று யாரால் சொல்ல முடியும்.

கீழே முகுந்தனின் சின்னம்மா சீதாலெட்சுமி ஆன்டி பதில் போட்டிருந்தார். ஒரு காட்சியில் கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர்.

'பிரிக்பீல்ட்ஸ்ல பழைய ஃபிளாட் லா தம்பி. ஜன்னல்ல மோனோரயில் தெரியுது பாருங்க. மூணாவது மாடியா நாலாவதா மறந்துபோச்சு. சமையல் ஃபர்ஸ்ட் கிளாஸ், ஆர்டர் கொடுங்க.'

யாராவது வழி கேட்டால் தெரியாது என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வராது. கூடவே ஆர்டரும் பிடித்துக் கொடுத்திருக்கிறார் புண்ணியவதி.

அக்காவுக்குப் போன் போட்டுக்கொண்டே கொமுட்டர் ரயில் ஸ்டேஷனுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, பக்கத்து வீட்டுக்குப் போயிருங்க."

"வெளிய வந்தா வழியிலயே பாத்துருவான் மலர். கதவப் பூட்டிட்டேன். காலு நகர மாட்டேங்குது. நீ வா."

ரயிலில் ஏறியதும் போலீஸுக்கு அழைத்தேன். கார் அனுப்புவதாகச் சொன்னார்கள். அடுத்து முகுந்தன்.

"லிங்க்க எடுத்துரு முகுந்தா."

"எடுக்க முடியாது மலர். ஒரு தடவ கொடுத்தா கொடுத்ததுதான், அந்த சைட் அப்படி. புராஜெக்டயே அழிச்சாத்தான் லிங்க் சாகும்." அவன் குரல் உடைந்தது. "அழிச்சா எல்லாம் போச்சு. கார்டுலயும் ஒண்ணும் இல்ல."

டவுன்லோடு போட்டுப் பார்த்தேன், என் போனில் இடம் போதவில்லை. அந்தத் தளத்தில் போனிலிருந்து ஷாட்டுகளை வெட்டவும் முடியாது. ராதாகிருஷ்ணன்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டானே, இனி அழித்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சுபாங் ஜெயா, பெட்டாலிங், அங்காசாபுரி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறந்து மூடுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

அக்காவின் மூன்றாவது மாடிக்கு ஏறும்போது நீளத் தாழ்வாரத்தில் யாரும் இல்லை. என் குரலைக் கேட்டதும் அக்கா இரும்புக் கதவைத் திறந்து என்னை உள்ளே இழுத்து மறுபடி பூட்டினார். அடுப்பில் பருப்பு பாதியில் நின்றது. இரண்டு பேரும் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரத்தில் மேல்மாடியில் ஒரு சத்தம் கேட்டது. விஷ்ணுப்ரியாவின் குரல்.

"சாப்பிட்டுப் போங்க."

எங்கள் படத்தின் வசனம். இதே வீட்டு வாசலில் நின்று அவள் பேசியது. சத்தம் நின்றது. மறுபடியும் அதே வசனம். ராதாகிருஷ்ணன் காட்சியைப் பின்னால் இழுத்து இழுத்துப் பார்க்கிறான் என்பது புரிந்தது. ஜன்னல் கம்பி, தாழ்வாரச் சுவர், மோனோரயில் வளைந்து திரும்பும் இடம் என்று ரசித்து ரசித்து வைத்த ஷாட்டுகளை வைத்துக்கொண்டு அவன் வீடு தேடுகிறான்.

செருப்புச் சத்தம் படியில் இறங்கி எங்கள் தாழ்வாரத்துக்கு வந்தது. நாலு எட்டு வைப்பான். நிற்பான். "சாப்பிட்டுப் போங்க." மறுபடி நாலு எட்டு. அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்.

வாசல் கதவு முழுதாகத் தெரியும் ஷாட் அந்த வசனத்துக்கு அடுத்ததாக வருகிறது. இந்த மாடியில் அந்தப் பச்சைக் கதவு வேறு யாருக்கும் இல்லை. அவன் இதுவரை வசனம் வரைதான் பார்த்துப் பார்த்துத் திரும்பியிருக்கிறான். இன்னும் கொஞ்சம் ஓடவிட்டால் முடிந்தது.

போனை எடுத்தேன். புராஜெக்ட். அழி. 'இதை மீட்க முடியாது. உறுதியா?' என்று கேட்டது. இரண்டு வருஷத்து லீவு நாட்கள், விஷ்ணுப்ரியா மழையில் நின்ற காட்சி, முகுந்தன் லோரி மேலேறிப் படுத்துக்கொண்டு எடுத்த துறைமுகம். நான் அழவில்லை என்று சொன்னால் பொய். அழுத்தினேன்.

வெளியே "சாப்பிட்டு" என்று தொடங்கிய குரல் அறுந்தது.

"சியல்," என்று அவன் மலாயில் திட்டி முணுமுணுப்பது கதவுக்கு மிக அருகில் கேட்டது. போனைத் தட்டுகிறான், திரும்பத் திரும்பத் தட்டுகிறான். நான் மூச்சை அடக்கியதில் காது அடைத்தது. பிறகு பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

"யாரு?" அது வீரம்மா ஆன்டியின் குரல். தினமும் அக்கா கையால் குழம்பு வாங்கிச் சாப்பிடுகிறவர்.

"ஆன்டி, புனிதான்னு ஒரு பொம்பள. எந்த வீடு?"

"புனிதாவா? அப்படி யாரும் இங்க இல்லியே."

"சமைச்சுக் குடுக்கிறவங்க ஆன்டி."

"இங்க எல்லாரும் அவங்கவங்க வீட்டுலதான் சமைக்கிறோம். நீ வேற பிளாக்குல போயி கேளு போ."

அவன் உடனே போகவில்லை. தாழ்வாரத்தின் கோடிவரை நடந்து திரும்பி வந்தான். எங்கள் கதவுக்கு நேரே செருப்பு நின்றது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. கீழே கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தமும், போலீஸ்காரர்கள் மலாயில் பேசிக்கொண்டு வருவதும் கேட்டன. செருப்புச் சத்தம் பின்படி வழியாக விறுவிறுவென்று இறங்கிப் போனது.

போலீஸ் வந்து கதவைத் தட்டிய பிறகும் எங்களால் எழுந்திருக்க முடியவில்லை. அக்கா இந்த வீட்டில் இனி இருக்க முடியாது, அது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"அழிச்சிட்டியா?"

"ஆமாக்கா."

"நான் இன்னும் பாக்கவே இல்லியே மலர்." புறங்கையை மெல்லத் தடவிக்கொண்டார். "கை நல்லா வந்திருந்துச்சா?"

"ரொம்ப நல்லா வந்திருந்துச்சுக்கா," என்றேன்.