இரண்டாய்ப் போன விரல்

மாதா திருவிழாப் பாட்டில் இரண்டாம் சரணத்தை ஜிஸ்மி தனியாகப் பாட வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். நாலு பேர் முன்னால் தன் பெயரைச் சொல்லவே கூச்சப்படுகிறவள் அவள். சக்குபள்ளம் எஸ்டேட்டின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் பாடிப் பாடிப் பழகினாள். ஆனால் ஒத்திகையில் அந்தச் சரணம் வரவே மாட்டேன் என்றது.

கோவிலில் புதிதாக வைத்த பெரிய தொடுதிரையில்தான் பாட்டின் வரிகள் வரும். ஒரு தொடலுக்கு ஒரு சரணம். பாடகர் குழுத் தலைவர் சூசையப்பன் திரையின் நட்டநடுவில் விரலை வைப்பார். முதல் சரணம் போய் மூன்றாம் சரணம் வந்து நிற்கும்.

“திரையில வரலைன்னா மாதாவுக்கு வேண்டாம்னு அர்த்தம். பாட்டு நிக்கக் கூடாது, பாடுங்க!” என்பார்.

ஜிஸ்மி பிசிக்ஸ் படித்தவள். ஒரு மத்தியானம் திரையை அங்கங்கே தொட்டுப் பார்த்தாள். ஓரத்தில் தொட்டால் பாட்டு ஒரு சரணம் நகர்ந்தது. நட்டநடுவில் தொட்டால் இரண்டு. தயங்கித் தயங்கிச் சூசையப்பனிடமும் அவர் மனைவி ரோசியிடமும் போய்ச் சொன்னாள்.

“மாமா, கண்ணாடிக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத வலை இருக்கு. அதுல லேசா மின்சாரம். விரல் பட்டா அந்த இடத்துல அளவு மாறும். திரை பெருசு, அதனால காவலுக்கு ரெண்டு சிப்பு. இடது பாதி ஒண்ணுக்கு, வலது பாதி இன்னொண்ணுக்கு. நீங்க சரியா எல்லையில வைக்கிறீங்க. ரெண்டும் ஆளுக்கொரு விரல்னு கணக்குச் சொல்லுது. ரெண்டையும் சேத்து ஒரே விரல்னு சொல்லணும். அங்கதான் கோளாறு.”

ரோசிக்குச் சட்டென்று பிடிபட்டது. “தோட்டத்துல ரெண்டு காட்டு எல்லையில வேலைக்கு நின்ன என்னைய, ரெண்டு கங்காணியும் அவங்கவங்க கணக்குல பேர் போட்டாங்களே, அது மாதிரி!”

“ரெண்டு கூலி வாங்கினியாக்கும்?” என்றார் சூசையப்பன்.

“எங்க! ரெண்டு பேருகிட்டயும் ஏச்சுதான் வாங்குனேன்.”

அவர் விரலைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது ஒண்ணுதான், புள்ள. பிறந்ததுலருந்தே ஒண்ணுதான். நடுவுல தொட்டாத்தான் மரியாதை. ஓரத்துல தடவ நான் என்ன சுவிட்சா தேடுறேன்?”

திரையில் வரும் பாட்டுகளைக் கணினியில் ஏற்றுவது ஜிஸ்மியின் வேலை. திருவிழாவுக்கு முந்தின நாள் இரண்டாம் சரணத்தை அடுத்தடுத்து இரண்டு பக்கங்களில் போட்டாள். மாமா தாண்டினால் ஒன்றைத் தாண்டுவார், இன்னொன்று வந்து நிற்கும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கம்.

திருவிழாவன்று கோவில் நிரம்பி வாசல்வரை ஆட்கள். முதல் சரணம் முடிந்தது. நடுவை நோக்கிப் போன சூசையப்பனின் விரல், ரோசி முறைப்பதைப் பார்த்ததும் நின்றது. வீட்டில் என்ன நடந்ததோ, அவர் ஓரமாக நகர்ந்து, கம்பளிப்பூச்சியைத் தொடுவதுபோல் திரையைத் தொட்டார்.

இரண்டாம் சரணம் வந்தது. அடுத்து என்ன வரும் என்பது ஜிஸ்மிக்கு மட்டும் தெரியும். நடுங்கிக்கொண்டே பாடி முடித்தாள். ஓரத்தில் இன்னொரு தொடல். மறுபடியும் அதே சரணம்.

குழு மொத்தமும் அவளைப் பார்த்தது.

“பாட்டு நிக்கக் கூடாது, பாடு!” என்று பல்லைக் கடித்தார் சூசையப்பன்.

பாடினாள். இந்தத் தடவை நடுக்கமே இல்லை.

பூசை முடிந்ததும் அவர் ரோசியைப் பிடித்துக்கொண்டார். “பாத்தியா? நடுவுல தொட்டா வரவே இல்ல, ஓரத்துல தொட்டா ரெண்டு தடவ வருது. கோளாறே ஓரத்துலதான்! இனிமே நடுவுலதான் தொடுவேன்.”

ஜிஸ்மி விளக்கப் போகவில்லை. அந்த இன்னொரு பக்கத்தை அழிக்கவும் போகவில்லை.