உப்பு மாவு நட்சத்திரம்

தையற்காரம்மாவுக்கு அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளுக்குப் பேசி முடித்த பையனின் பெற்றோர் முதல்முறையாகத் தேநீருக்கு வருகிறார்கள். மிச்சத் துணிகளை முக்கோணமாக வெட்டி ஜன்னலுக்குத் தோரணம் கட்டினாள். காலி ஜாம் பாட்டில்களுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்துப் பூச்செருகினாள். மைதாவையும் உப்பையும் பிசைந்து நட்சத்திரங்கள் செய்து, ஓவனில் காயவைத்து, கை துடைக்கும் துணிகளில் அழகுக்காக ரிப்பனால் கட்டினாள்.

சம்பந்தி அளந்து பேசும் மனிதர். உட்கார்ந்ததும் ரிப்பனை அவிழ்த்து நட்சத்திரத்தை ஒரு கடி கடித்தார். கடக்கென்று சத்தம் கேட்டது. அவர் மரியாதைக்காக மென்று விழுங்கினார்.

"நல்லா இருக்கு. உப்புதான் கொஞ்சம் தூக்கல்," என்றவர் அடுத்த கடிக்குத் தயாரானார்.

தையற்காரம்மா பதறி எழுந்தாள். சொன்னால் அவருக்கு அவமானம், சொல்லாவிட்டால் பல் போய்விடும்.

"ஐயோ அண்ணா, வேண்டாம்! அது அலங்காரத்துக்குச் செஞ்சது!"

அவர் முகம் சிவந்தது. அவர் மனைவியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என் சமையல்ல உப்பே இல்லைன்னு முப்பது வருஷமா குறை சொன்னீங்களே, இப்ப திருப்தியா?"

அவரும் சிரித்துவிட்டார். மகள் சமையலறையிலிருந்து சாக்லேட் பிஸ்கட்டுகளைக் கொண்டுவந்தாள். அவர் ஒன்றை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தையற்காரம்மாவிடம் கேட்டார்:

"இது நிஜமாவே சாப்பிடறதுதானே, தங்கச்சி?"